ஆறு ஏறி வந்த உயரம்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மழைக்காலத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அட்டை, நனைந்த கம்பளி, எரியாத விறகு, விடாத இருமல். நான் இன்று ஒரு வெயில் காலத்தைச் சொல்கிறேன். தை பிறந்து மாசி முடியும்வரை கொத்மலைத் தேயிலைத் தோட்டங்களில் வானம் சும்மா கிடக்கும். கொழுந்து குறைந்துவிடும். அரை நாள் வேலை கிடைத்தாலே பெரிது. வயிறு காயும் காலம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அந்த இரண்டு மாதத்தையும் பிடிக்கும். அப்போதுதான் ஆறு இளைத்துப்போய், அதுவரை காட்டாத கல்லையெல்லாம் வெளியே காட்டும்.

எங்களுடையது கீழ் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். தோட்டத்திலேயே ஆற்றுக்குக் கிட்ட இருந்த லயம் அதுதான். பின்பக்கம் கொஞ்சம் காய்கறிப் பாத்தி, அதற்கப்பால் மானாப்புல், அதற்கும் அப்பால் நிலம் சட்டென்று உடைந்து கீழே போய்விடும். அந்த இடுக்கில் ஆறு ஓடியது. இரண்டு பக்கமும் கறுப்புப் பாறைச் சுவர். மழைக்காலத்தில் அதன் சத்தம் தரையில் படுத்திருப்பவர்களின் முதுகில் அதிரும். எங்கள் ஆட்கள் அந்த இடத்தைப் பாதாளம் என்பார்கள். அழுகிற பிள்ளையைப் "பாதாளத்துல போட்டுருவேன்" என்று மிரட்டுவார்கள். உள்ளே இறங்கிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. வேலை இல்லாத இடத்துக்குத் தோட்டத்தில் யார் போவார்கள்?

அம்மா இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட்டார்கள். மிஞ்சியது அம்மாவும் ஒரு தங்கையும். கல்யாணமாகிக் கொத்மலைக்கு வரும்போது அம்மா தங்கையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார். பிறகு, அப்பா வேலை செய்த அதே கங்காணியின் கீழ் இருந்த ஒருவருக்கு அவரைக் கட்டிவைத்தார். மாப்பிள்ளை குடிப்பாரா, கோபக்காரரா என்றெல்லாம் விசாரிக்கவில்லை. அவருடைய காம்பரா எங்கள் காம்பராவுக்கு அடுத்தது. அம்மா பார்த்த பொருத்தம் அவ்வளவுதான்.

"எங்கக்கா எனக்கு மாப்பிள்ள பாக்கல, செவுரு பாத்தா" என்று சின்னம்மா ஊரெல்லாம் சொல்லுவார். சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். நல்லவேளை, அவர் நல்ல மனிதராக அமைந்துவிட்டார்.

லயத்துச் சுவர்கள் கூரையைத் தொடாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆளுயரத்துக்கு மேல் திறந்துதான் கிடக்கும். மற்ற வீட்டுக்காரர்களுக்கு அது தொல்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் அதுதான் வாசல். நெருப்பு, உப்பு, அரைத்த சம்பல், பாதி ரொட்டி எல்லாம் அதன் மேலாகவே போய் வந்தன. ஒரு தடவை என் தம்பியையே சாக்கில் கட்டி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அவன் அழவில்லை. பழகியிருந்தான்.

அந்தத் தம்பியால்தான் என் படிப்பு நின்றது. மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அம்மா கொழுந்துக்குப் போக வேண்டும், தம்பி நோஞ்சான், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைமடுவத்தில் விட்டால் தேற மாட்டான் என்றார்கள். நின்றுவிட்டேன். அதைப் பெரிய விஷயமாக அன்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

கற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பாத்தியை எங்கே கொத்தினாலும் உருண்டைக் கல் வரும். தேய்த்து எடுத்ததுபோல வழவழவென்று இருக்கும். ஆறு அவ்வளவு கீழே கிடக்க, ஆற்றுக்கல் எங்கள் வெங்காயத்துக்கு அடியில் எப்படி வந்தது என்று எவரும் கேட்டதில்லை. கொத்த இடைஞ்சல் என்று திட்டிக்கொண்டே பொறுக்கி வாசல்படிக்குப் போட்டோம், வரப்புக்குப் போட்டோம், அடுப்புக்கும் வைத்தோம். எங்கள் அடுப்புக்கல் மூன்றில் ஒன்றில் சிவப்புப் பொட்டுகள் இருந்தன. தண்ணீர் பட்டால் மாதுளை முத்துப்போல மின்னும். காய்ந்தால் வெறும் கல்.

சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு மாசி மாதச் சனிக்கிழமை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி ஒரு செய்தி சொன்னார்.

"நாளைக்கு யுனிவர்சிட்டிலேருந்து படிக்கிற புள்ளைங்க வாறாங்க. பாதாளத்துக்குள்ள போறாங்களாம். வழி வெட்ட ரெண்டு ஆம்பள, தேத்தண்ணி சாப்பாடு தூக்க ரெண்டு பொம்பள வேணும். பெரிய தொர சொல்லிட்டாரு."

"அங்க என்னாங்க பாக்கப் போறாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"கல்லு பாக்கவாம்."

"அதுக்கா அம்புட்டுத் தூரம் வாறாங்க?" என்றார் சின்னம்மா. "நம்ம காம்பராவுக்கு வரச் சொல்லுங்க கங்காணி. கடையில போடுற அரிசியிலயே வேணுங்கிற கல்லு கெடக்கு."

கங்காணியே சிரித்துவிட்டார். சிரித்த கையோடு, "நீயும் ஒங்கக்காளும் வாங்க, ஒங்க வீட்டுக்காரனுங்களும் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை விட்டுத் தம்பி இருக்க மாட்டான். அதனால் தம்பியும், தம்பியைத் தூக்கிக்கொண்டு நானும்.

அவர்கள் ஒரு பழைய பஸ்ஸில் வந்தார்கள். முன்னால் இறங்கியவர் பேராசிரியர். சிங்களவர், குள்ளமானவர், காக்கி அரைக்கால்சட்டை, இடுப்பில் ஒரு பக்கம் கூர்மையான சுத்தியல். பின்னால் மாணவர்கள். அவர்களுக்குள் ஒரே ஒரு பெண். யாழ்ப்பாணத்துப் பெண், இரட்டைப் பின்னல், வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. அவர் பேசியது தமிழ்தான் என்று புரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா அவரை மிஸ்ஸி என்று கூப்பிட்டார். அவர் "ஐயோ, மிஸ்ஸி எண்டு சொல்லாதேங்கோ அம்மா" என்றார். அம்மா "சரிங்க மிஸ்ஸி" என்றார்.

அப்பாவும் சித்தப்பாவும் முன்னால் மானாப்புல்லை வெட்டிக்கொண்டே போனார்கள். நாங்கள் பின்னால். பாறை விளிம்பைத் தாண்டி ஒரு ஆள் உயரம் இறங்கியதுமே வெயில் தலைக்கு மேலே நின்றுவிட்டது. குளிர். பாசி வாசம், ஈரக்கல் வாசம். இன்னும் இறங்க இறங்க எங்கள் லயத்துச் சத்தம், கோழி, யாரோ விறகு பிளப்பது, எல்லாம் ஒவ்வொன்றாக அறுந்துபோய்த் தண்ணீர்ச் சத்தம் மட்டும் மிச்சமாயிற்று. மழைக்காலத்தில் அப்படி உறுமும் ஆறு, அன்று அம்மியில் மஞ்சள் அரைக்கிற சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அடியில் பாறை பூராவும் குழிகள். வட்டம் என்றால் அப்படி ஒரு வட்டம். சில கிண்ணத்தளவு, சில ஆள் இறங்கி நிற்கும் ஆழம். கையை விட்டால் அடியில் உருண்டைக் கல் தட்டுப்படும்.

"இது ராவணன் வீட்டு ஆட்டுக்கல்லு மிஸ்ஸி" என்றார் சித்தப்பா. "அனுமாரு வாலுல தீயோட வந்தப்ப, அரைச்சத அப்புடியே போட்டுட்டு ஓடிட்டாங்க."

மிஸ்ஸி குனிந்து பார்த்தார். "ஓம், குழவியும் உள்ளுக்கதான் கிடக்குது. கழுவிக்கூட வைக்கயில்லை" என்றார்.

சித்தப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிறகு மிஸ்ஸி விளக்கினார். பெருவெள்ளம் வரும்போது தண்ணீர் சுழலுமாம். சுழலுக்குள் அகப்பட்ட கல் வெளியே வர முடியாமல் சுற்றிச் சுற்றிப் பாறையை அரைத்துக்கொண்டே இருக்குமாம். "இப்ப வாற வெள்ளத்துக்கு இவ்வளவு பலம் காணாது. இது பழைய ஆறு செய்த வேலை."

"வெளிய போவ முடியாம சுத்திக்கிட்டே கெடக்குதா?" என்றார் சின்னம்மா. "அப்ப அதுக்கும் தோட்டத்துல பேரு பதிஞ்சிருக்காங்க போல."

மிஸ்ஸி அதை ஆங்கிலத்தில் பேராசிரியருக்குச் சொன்னார். அவர் சிரித்துவிட்டு, தொப்பியைக் கழற்றிச் சின்னம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார். துரைமாரைப்போல உடுத்த ஒருவர் எங்கள் ஆள் ஒருவருக்குத் தொப்பி கழற்றியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அவர்கள் கல்லைத் தட்டினார்கள், நாடாவால் அளந்தார்கள், எழுதினார்கள். பெரிய பாறாங்கற்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக் கிடந்தன. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து தள்ளியது என்று அதை வைத்துச் சொல்லலாமாம். பேராசிரியர் ஒவ்வொரு மாணவனையும் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். நானும் வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

அவர்கள் சற்றுத் தூரம் போனதும் சின்னம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு குழிக்குள் இறங்கிவிட்டார். கழுத்துவரை தண்ணீர். "அக்கா, தொரை வீட்டுல இப்புடித்தான் குளிப்பாங்களாம், தொட்டிக்குள்ள குந்திக்கிட்டு" என்றார். அம்மா "ஏறுடி, யாராவது பாத்தா" என்று கையை நீட்டினார். சின்னம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். அம்மா சேலையோடு உள்ளே. இரண்டு பேரும் தும்மிக்கொண்டும் ஒருவர் தலையை ஒருவர் அமுக்கிக்கொண்டும் கிடந்தார்கள். அம்மாவுக்கு அப்போது இருபத்தைந்து இருபத்தாறு வயதுதான் இருந்திருக்கும். அவர் அவ்வளவு சின்னப் பெண் என்பது எனக்கு அன்று தெரியாது. இப்போது என் பேத்திக்கு அதைவிட அதிகம்.

மத்தியானம் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்களுக்கு ரொட்டியும் மாசிக் கருவாட்டுச் சம்பலும். அவர்களுக்கு இரண்டு பாண் துண்டுக்கு நடுவில் முட்டை. மிஸ்ஸி தன்னுடையதைப் பாதி எனக்குக் கொடுத்துவிட்டு என் ரொட்டியில் பாதியை வாங்கிக்கொண்டார். உறைப்பில் கண்ணீர் வந்தும் விடவில்லை.

"நீர் எத்தினையாம் வகுப்பு?"

"நிப்பாட்டிட்டாங்க."

"ஏன்?"

"தம்பிய யாரு பாக்குறது?"

அவர் தம்பியைப் பார்த்தார். அவன் அவருடைய முட்டையைத் தின்றுகொண்டிருந்தான். பிறகு அவர் கழுத்தில் தொங்கிய சின்னப் பூதக்கண்ணாடியைக் கழற்றி என் கண்ணில் வைத்து, மணலை உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். அதுவரை மணல் என்றால் எனக்கு ஒரே நிறம். கண்ணாடிக்குள் ஒன்று பச்சை, ஒன்று தேன் நிறம், ஒன்று ரத்தச் சிவப்பு. ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. பின்னால் நான் எத்தனையோ ஊர் சுற்றினேன். அன்று அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கும்போது இருந்த மாதிரி எதையும் கொடுக்க மனசில்லாமல் இருந்ததில்லை.

திரும்பி ஏறும் வழியில், பாறைச் சுவரில் ஒரு தட்டு இருந்தது. ஆறு எங்கோ கீழே கிடக்க, அந்தத் தட்டில் ஆற்று மணல். பேராசிரியர் சுத்தியலால் அதை நேராகச் சீவினார். உள்ளே ரொட்டி அடுக்கியதுபோல வரி வரியாக இருந்தது. ஒவ்வொரு வரியும் ஒரு வெள்ளமாம். அவர் முகம் கலியாண வீட்டுக்காரர் முகம்போல ஆகிவிட்டது.

எங்கள் அப்பாவுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அடங்குவார். அவர் தட்டில் நின்று மணலைப் பார்த்தார், பிறகு திரும்பி லயம் இருக்கும் பக்கம் பார்த்தார். எங்கள் லயத்துத் தகரம் கண்ணுக்கு நேரே அதே மட்டத்தில் தெரிந்தது.

"மிஸ்ஸி, அப்ப எங்க லயம் இருக்கிற எடத்துக்கும் தண்ணி வந்திருக்குங்களா?"

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பேராசிரியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு நேரே லயத்துக்கே வந்துவிட்டார். எங்கள் வெங்காயப் பாத்தியில் மண்டியிட்டார். வாசல்படியைத் தடவினார். மிஸ்ஸி காம்பராவுக்குள் வந்து அடுப்பைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிவப்புப் பொட்டுக் கல்லை எடுத்துக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டார்.

"அடுப்புக்கல்ல எடுத்துக் குடுத்தா குடும்பம் கலைஞ்சிரும் மிஸ்ஸி. வாசல்ல கெடக்கிறது எத வேணும்னாலும் தூக்கிக்கிட்டுப் போங்க."

மிஸ்ஸி வற்புறுத்தவில்லை. வெளியே வந்து, கூடி நின்ற லயத்து ஆட்களுக்கு விளக்கினார். "உங்கட லயம் நிக்கிறது பழைய ஆத்துக்கு மேலதான். இந்தக் கல்லெல்லாம் வெள்ளம் கொண்டுவந்து போட்டது."

"எப்ப மிஸ்ஸி?" என்றார் அப்பா.

"கனகாலத்துக்கு முந்தி. அப்ப இஞ்ச மனிசர் இருந்தவையோ தெரியாது."

"திரும்ப வருங்களா?"

மிஸ்ஸி பேராசிரியரைக் கேட்டார். அவர் கைகளை விரித்தார். "வராதெண்டு சொல்ல ஏலாதாம். ஆனால் எங்கட காலத்தில வராதாம். பயப்பிடாதேங்கோ."

அவர்கள் ஒரு சாக்குக் கல்லோடு போய்விட்டார்கள். பஸ்ஸின் பின் கண்ணாடியில் மிஸ்ஸி கையாட்டினார். எங்கள் லயத்தில் கொஞ்ச நாள் அதுவே விளையாட்டாக இருந்தது. காலையில் எழுந்ததும் ஒருவரையொருவர், "என்னா, தண்ணி வந்துருச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

சித்திரையில் மத்தியான இடிமழை தொடங்கியது. ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி, பாதாளத்தின் பாதிச் சுவர் வரை ஏறியது. எல்லா வருடமும் ஏறுவதுதான். ஆனால் அந்த வருடம் லயத்துக்காரர்கள் விளிம்பில் போய் நின்று பார்த்தார்கள். மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் ஆட்கள் கலைந்த பிறகு அப்பா கங்காணியிடம் போய் நின்றார். பேராசிரியர் சொன்னது பாறையைப் பற்றி, லயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது தோட்டம் என்பது அப்பாவுடைய நினைப்பு.

"கங்காணி, நம்ம லயத்துக்குத் தண்ணி வருமானு தொரைகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்களேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். தோட்டத்து நடைமுறை உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிலாளி நேரே துரையிடம் எதையும் கேட்க முடியாது. கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும், கணக்கப்பிள்ளை மேற்பார்வையாளரான கண்டாக்கிடம், கண்டாக்கு துரையிடம். கேள்வி கேட்பதற்கென்று அந்தப் படிகளைக் கட்டவில்லை. மனுக் கொடுக்கவும் முறையிடவும்தான் கட்டியிருந்தார்கள். எது ஏறினாலும் மனுவாகத்தான் மேலே போய்ச் சேரும். கங்காணி, கீழ் லயத்து ஆள் பயப்படுகிறான் என்றாராம். கணக்கப்பிள்ளை, அந்த லயத்தில் இருக்க முடியாது என்கிறான் என்றாராம். கண்டாக்கு, வேறு இடம் கேட்கிறான் என்று சொல்லியிருக்கிறார். அப்பா பிற்பாடு ஒவ்வொருவராகப் பிடித்து விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு விரல் அளவு நகர்த்தியிருந்தார்கள்.

துரை இரக்கமுள்ளவர். அதே கம்பனிக்கு டிக்கோயாவில் இருந்த தோட்டத்துக்கு ஆள் தேவையாக இருந்தது. அங்கே இடம் கொடுத்துவிட்டார்.

பெரட்டுக் களத்தில் கங்காணி அதை ஒரு பரிசைப்போல அறிவித்தார். "கேட்டவனுக்குத் தொர குடுத்திருக்காரு. நல்ல லயம், மேட்டு லயம்."

அப்பா அன்று வேலை முடிந்ததும் கங்காணி வீட்டுக்குப் போனார். நானும் தம்பியோடு பின்னால் போய் வேலியருகில் நின்றேன்.

"நான் போறேன்னு சொல்லலையே கங்காணி. தண்ணி வருமானுதானே கேட்டேன்."

"கேட்டியா இல்லையா?"

"கேட்டேன். ஆனா..."

"கேட்டுப்புட்டு, தொர மனசு வச்சுக் குடுத்தப்புறம் வேண்டாம்னா, என்னைய என்னானு நெனைப்பாரு? நாளைக்கு இன்னொருத்தனுக்கு ஒரு காரியம்னா நான் போயி அவரு முன்னுக்கு நிக்கணுமா வேணாமா?"

கங்காணியின் நியாயமும் நியாயம்தான். அப்படித்தான் எங்கள் குடும்பம் மட்டும் போவதென்று ஆயிற்று. வெள்ளம் வரும் லயத்தில் மற்ற அத்தனை குடும்பமும் இருந்தபடியே இருந்தது. யாரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை, அதனால் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

அம்மா அப்பாவைக் காம்பராவுக்குள் வைத்து ஏசினார். "அந்த மிஸ்ஸிதான் பயப்பட வேணாம்னு சொல்லிட்டுப் போச்சே. வாயி சும்மா இருக்காதா ஒங்களுக்கு?" அப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னம்மாவும் சித்தப்பாவும் அந்த நேரம் கடைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் மட்டும் அன்று வீட்டில் இருந்து சுவருக்கு மேலாக அதைக் கேட்டிருந்தால், நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

மறுநாள் பீலியில் நல்ல கூட்டம். மலையிலிருந்து மூங்கிலில் வடியும் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை. வரிசையில் அம்மா, பின்னால் சின்னம்மா, இடுப்பில் தம்பியோடு நான். மேல் லயத்துப் பெண் ஒருத்தி தொடங்கினாள். "என்னாக்கா, ஒங்க வீட்டுக்காரரு யாருக்கும் தெரியாம கேட்டு வாங்கிட்டாராமே. மத்தவங்க எல்லாம் தண்ணியில போனா பரவாயில்லையா?"

இன்னொருத்தி, "பயந்தாங்கொள்ளி" என்றாள். சிரித்தார்கள்.

அம்மா காம்பராவுக்குள் எத்தனை ஏசினாலும் வெளியே புருஷனை விட்டுக்கொடுப்பவர் அல்ல. நிமிர்ந்து நின்று சொன்னார். "ஆமா, கேட்டாருதான். நாந்தான் கேக்கச் சொன்னேன். எனக்கு எம்புள்ளைங்க உசுரு பெருசு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மா சொல்வது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். அது அந்தப் பெண்களின் வாயை அடைக்கச் சொன்னது என்பது சின்னம்மாவுக்கும் தெரியும் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். சின்னம்மா தன் முறை வந்ததும் குடத்தை வைத்தார். பாதி நிறைவதற்குள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு இருந்த சில நாட்களில் அவர் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நம் பிரிவைத் தாங்காமல் இருக்கிறாள் என்றார் அம்மா. பேசப்போனால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், லொறி ஏறும்போது பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். லொறி வந்த அன்று கொழுந்து நாள். சின்னம்மா மலையில் இருந்தார். வளைவில் லொறி திரும்பும்போது நான் பார்த்தேன், நிரையில் கூடையோடு அவர் முதுகு தெரிந்தது. "வேலைய வுட்டுட்டு வர முடியுமா? கணக்கப்பிள்ளை ஏசுவாரு" என்று அம்மா எங்களுக்குச் சொன்னார். அடுப்புக்கல் மூன்றையும் அவர் எடுத்துக்கொண்டு வரவில்லை. அடுத்து வருகிறவர்களுக்கு இருக்கட்டும் என்றார்.

டிக்கோயாவில் லயம் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கூரை ஒழுகவில்லை. ஆஸ்பத்திரி கிட்ட. தம்பி தேறினான். அம்மா ஒவ்வொரு திருவிழாவுக்கும் தங்கை வருவாள் என்று பார்த்தார். இடம் மாறிப் போனவர்களை, இருந்த இடத்து ஆள்தான் முதலில் வந்து பார்க்க வேண்டும் என்பது நம் வழக்கம். அதை மீறி நாமே போய் நின்றால், போன இடத்தில் பிழைக்க முடியாமல் வந்துவிட்டார்கள் என்று பேசுவார்கள். அப்பா போய்வரலாம் என்று சொல்லிப் பார்த்தார். "அவதான் வரணும்" என்றார் அம்மா. வருடங்கள் அப்படியே போயின. பிறகு ஒரு நாள் கொத்மலையிலிருந்து வந்த ஒருவர், சின்னம்மா குடும்பம் இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது என்று சொன்னார். அம்மா அன்றும் கொழுந்துக்குப் போனார்.

என் கதை பெரிதில்லை. கொழும்பில் இரண்டு வீட்டில் வேலை. வவுனியாவில் மிளகாய்த் தோட்டம். ஒரு கல்யாணம், அது நிலைக்கவில்லை. ஒரு மகள். அரபு நாட்டில் ஒரு பெரிய வீட்டின் சமையலறை. எந்த இடத்திலும் கால் தரிக்கவில்லை. இதற்கிடையில் கொத்மலையில் அணை கட்டினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது பாதாளம் இல்லை, கீழ் லயமும் இல்லை. தண்ணீர் மட்டும் அசையாமல் கிடந்தது. அந்த வட்டக் குழிகள் எல்லாம் அடியில் கிடக்கின்றன. ஆறு அந்த உயரத்துக்குத் திரும்ப வந்துவிட்டது, மனிதர்கள் ஏற்றி வைத்ததால். அதைப் பார்க்க அப்பா இல்லை. அம்மாவும் அதற்கு முந்திய வருடம் டிக்கோயாவிலேயே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் சின்னம்மாவைத் தேடிப் போனேன். கூடலூர்ப் பக்கம் இலங்கையிலிருந்து போனவர்களுக்கென்று தேயிலைத் தோட்டம் போட்டிருந்தார்கள். அங்கே ஒருவரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கேட்டு, கடைசியில் ஒரு லயத்து வாசலில் கொண்டுபோய் விட்டார்கள். பல் விழுந்து, உடம்பு சுருங்கி, ஒரு கிழவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சித்தப்பா இறந்து வெகுகாலமாகிவிட்டிருந்தது. நான் யார் என்று சொன்னேன். அவர் கீரையை வைக்கவில்லை.

"அக்கா மகளா?"

"ஆமா சின்னம்மா."

"நல்லாயிருக்காளா?"

போய்விட்டார் என்று சொன்னேன். அவர் அந்தக் கட்டுக் கீரை முழுவதையும் ஆய்ந்து முடித்தார். பிறகு சொன்னார், "எங்கள விட்டுப் போவணும்னு நெனைச்சிருந்தா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம். தொரைகிட்டப் போயி கேக்க வேண்டிய அவசியமில்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், பெரட்டில் அப்பா கேட்டதையும், கங்காணி வீட்டில் நடந்ததையும், காம்பராவுக்குள் அம்மா ஏசியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அக்கா வாயாலயே சொன்னாளே. பீலியில வச்சு. நாலு பேரு முன்னுக்கு."

"அப்பாவ விட்டுக்குடுக்க முடியாம சொன்னாங்க சின்னம்மா. அது ஒங்களுக்குத் தெரியும்னு நெனைச்சிருப்பாங்க."

வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். பேத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நம்மூருலேருந்து டிக்கோயாவுக்கு அப்ப பஸ்ஸு இருந்துச்சா?" என்று சின்னம்மா கேட்டார்.

"இருந்துச்சு சின்னம்மா. நாவலப்பிட்டி போயி மாறணும். காலையில ஏறினா மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்."

"மத்தியானத்துக்குள்ள" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அங்கே குளிர் அக்காவுக்கு ஒத்துக்கொண்டதா. விறகு கிட்டக் கிடைத்ததா. மாடு வைத்திருந்தாளா, மாட்டுக்கு என்ன பெயர். இரவானதும் கால் வலிக்கிறது என்பாளே, அங்கேயும் வலித்ததா, யார் பிடித்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். பதிலைக் கேட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

"பக்கத்துக் காம்பராவுல யாரு இருந்தா?"

"ஒரு புருசன் பொஞ்சாதி. புள்ளையில்லாதவங்க. அம்மா அந்த அக்காகூடத்தான் பேசிக்கிட்டு இருப்பாங்க."

சின்னம்மா ஆய்ந்த கீரையை ஒருதரம் அள்ளி, திரும்பத் தட்டிலேயே போட்டார்.

"நல்லவளா?" என்றார்.

"நல்லவங்க."

"சரி" என்று சொல்லிவிட்டுக் கீரைத் தட்டைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனார். போனவர் வர நேரமாயிற்று. நான் கூட்டிவரப் போகவில்லை.